மூன்று மாதத்துக்குப் பாஸ்

கல்மண்டபம், ராயபுரம்
9-8-1956, வியாழன்

தங்கவயலில் குடியிருக்கும் மரியாதைக்குரிய அம்மு அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் அப்பாவுவின் மகள் வேம்பு பாதம் தொட்டு வணங்கி எழுதிக்கொள்வது.

கடிதத்தின் முதல் வரியில் 'நலம், நலமறிய ஆவல்' என்று போடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எட்டாவது வரை படித்திருக்கிறேன். ஆனால் ஒன்பது மாதமாக உங்களுக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்த வார்த்தை இல்லாததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். டாக்டர் வாயால் சொல்லாததை நாமாக எழுதினால் கண்பட்டுவிடும் என்று அம்மா தடுப்பாள். நைனா, போடு போடு என்பார். இருவரும் சண்டை போட்டு முடிப்பதற்குள் பேனாவில் மை காய்ந்துவிடும், நான் 'இங்கு மழை இல்லை' என்று ஆரம்பித்துவிடுவேன். இன்று அம்மாவே போடச் சொல்லிவிட்டாள். ஆகவே, இங்கு மூவரும் நலம். அங்கு மாமாவும் நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. அண்ணனுக்குக் குணமா இல்லையா, ஒரே வரியில் எழுது, அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா வளர்ந்துகொண்டே போகிறது, கொடியில் காயும் துணியை எல்லாம் தின்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வரியில் எழுத நான்கு தாள் கிழித்தேன் அத்தை. முடியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சில இடங்களில் எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கும். அங்கெல்லாம் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நைனாவுக்கு வந்தது பிராஸ்டேட் என்ற சுரப்பியில் புற்று என்று முன்பே எழுதியிருந்தேன். அது மூத்திரப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் இருக்குமாம். ஆண்களுக்கு மட்டும்தான் உண்டாம். டாக்டர் இதைச் சொன்னபோது, ஒன்று கூடுதலாகக் கொடுத்தாலும் அதிலும் தொல்லைதானா என்று அம்மா கேட்டுவிட்டாள். ஐப்பசியில் அதை அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி உள்ளே இருந்தால் கருகட்டும் என்று மார்கழி, தை முழுக்கக் கரண்டு வைத்தார்கள். கரண்டு என்றால் ஷாக் அடிப்பது இல்லை, எக்ஸ்ரேயை ஆழமாக உள்ளே விடுவது. நைனா அதற்குப் பயப்படவே இல்லை. துறைமுகத்தில் சங்கிலி ஷெட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சங்கிலி பார்க்கிறவர் அல்லவா? கப்பலில் இருந்து சரக்குத் தூக்கும் சங்கிலி நாளாக ஆக இறுகிப்போய் வெடிக்கும், அப்படி ஆகாமல் இருக்க அதை உலையில் போட்டுக் காய்ச்சி மெதுவாக ஆறவிடுவார்கள். என்னையும் காய்ச்சினாங்க, ஆறினதும் சரியாப்பூடும் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கடைசி நாள், எல்லாம் போய்விட்டதா என்று கேட்டதற்கு டாக்டர், தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள், பார்க்கலாம் என்றார். முதுகோ இடுப்போ வலித்தால் காத்திருக்காமல் வரவேண்டும் என்றும் சொன்னார்.

அத்தை, அந்த மூன்று மாதம் இந்த வீட்டில் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். நைனா தும்மினால் அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவருவாள். நைனா பின்கட்டுக்குப் போனால் எத்தனை தடவை போனார் என்று சுவரில் கரியால் கோடு போடுவாள். எங்கள் வரிசையில் ஆறு குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ் என்பதால் அம்மா கவனிக்கத் தவறினால் பக்கத்துக் குடித்தனம் ரஹீமுன்னிசா மாமி சொல்லிவிடுவார்கள். மாமிக்கு நல்ல மனசு, ஆனால் குரல் பெரிசு. ஏழாவது தடவை என்று அவர்கள் சொன்னால் கடற்கரையில் வலை காயப்போடுகிறவர்களுக்கும் கேட்கும். ஒருநாள் மாமி, இங்கிலீஷ் காய் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று சொல்லி பீட்ரூட் பொரியல் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தார்கள். நைனா முழுவதையும் தின்றார். மறுநாள் காலையில் பின்கட்டில் இருந்து முகம் வெளுத்துத் திரும்பி வந்தார், சிவப்பா போவுதுடி என்றார், அவ்வளவுதான். அம்மா சமைத்த சோற்றை அப்படியே விட்டாள், மாமி புர்க்காவைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள், நால்வரும் ஒரே கைரிக்ஷாவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம், பாலம் ஏறும் இடத்தில் ரிக்ஷாக்காரர் நைனாவைத் தவிர மற்றவர்களை இறங்கித் தள்ளச் சொன்னார், தள்ளினோம். அங்கே நர்ஸ் ரோஸ்மேரி அம்மா, அழுகிற எங்களை எல்லாம் உட்காரவைத்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். பீட்ரூட்டின் சாயம்தானாம், அதே பாலத்தில் மறுபடியும் ரிக்ஷாவைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம்.

சித்திரையில் முதல் பரிசோதனை. ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் வேறு ஒரு விதமாகவும் பார்ப்பார். அதை எழுத மாட்டேன். நைனா வெளியே வந்து ராயபுரம் வரும்வரை பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றே வந்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒரு வாரம் கழித்து, இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். எனக்கு அந்த 'இப்போதைக்கு' பிடிக்கவில்லை, அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. நைனாவுக்கு மட்டும் அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஏனென்றால் சங்கிலி ஷெட்டில் நடப்பது அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சங்கிலியையும் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் தலை வளையத்தில் அந்தக் காலாண்டுக்கு உரிய கலரை அடிப்பார்கள். நீலக் காலாண்டில் நீலம் இல்லாத சங்கிலி சரக்கைத் தொடக்கூடாது. அது நீலக் காலாண்டு. சரக்குத் தூக்கும் வின்ச் மெஷினை ஓட்டும் லியாகத் அலி மாமுவிடம் சொல்லியனுப்பி, ஒரு தகர டப்பாவில் பெயிண்ட் வரவழைத்து, நைனா தன் வலதுகால் கட்டைவிரல் நகத்தில் அழகாக நீலம் அடித்துக்கொண்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து சுவரில் கோடு போடுவது குறைந்தது. பயம் வரும்போதெல்லாம் நைனா காலை நீட்டிக் காட்டுவார்.

போன வாரம் இரண்டாம் பரிசோதனை. பழைய கலர் அழிந்த சங்கிலியைப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தால் வாங்கமாட்டார்களாம். எது எப்போது பாஸானது என்று தெரியவேண்டுமாம். அதனால் நைனா முந்தின சாயங்காலம் நகத்துக்குப் புதுசாக ஒரு கை நீலம் அடித்தார். கை தவறி விரலிலும் பூசிவிட்டது, துடைத்ததில் பாதம் வரை பரவிவிட்டது. மறுநாள் ரோஸ்மேரி அம்மா போர்வையை விலக்கினார்கள். பார்த்த உடனே ஓடினார்கள். ஒரு டாக்டர் வந்தார், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ரத்த ஓட்டம் நின்றுபோச்சு, எப்போதிலிருந்து இப்படி என்று ஒருவர் கேட்டார். விரலை எடுக்கவேண்டி வரும் என்று ஒருவர் சொன்னார். நைனா, நீலம் என்று காட்டத்தான் அடித்தேன் என்று படுத்தபடி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். மிஞ்சியது நான்தான். அத்தை, நான் வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர்களிடம் பேச எனக்கு வராது. அதனால் தாவணி முனையை எச்சிலில் நனைத்து, மூன்று டாக்டர்களுக்கு நடுவில் கையை நீட்டி, நைனாவின் விரலைத் தேய்த்தேன். தாவணியில் நீலம் வந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன்.

முதலில் சிரித்தது பெரிய டாக்டர்தான். இது எதற்கு என்று அவர் கேட்டார், நைனா எழுந்து உட்கார்ந்து சங்கிலி ஷெட்டின் சட்டம் முழுவதையும் சொன்னார். டாக்டர் வேறு நோயாளிகளை விட்டுவிட்டுக் கேட்டார். ரத்தமும் நன்றாக இருந்தது, மற்றதும் நன்றாக இருந்தது. இந்தத் தடவை என்ன கலர் என்று டாக்டரே கேட்டார். நைனா, சிவப்பு சார் என்றார். ரோஸ்மேரி அம்மா காயத்துக்குப் போடும் சிவப்பு மருந்தைப் பஞ்சில் தொட்டு, நகத்தில் மட்டும், கொஞ்சமும் வெளியே வழியாமல் அடித்துவிட்டார்கள்.

இது வரை சிரிப்பு. இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். நைனாவின் லீவு இந்த மாதம் ஐந்தாம் தேதியோடு தீர்ந்துவிட்டது. பூரண குணம் என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால்தான் திரும்ப வேலை, இல்லாவிட்டால் உடம்புக்கு ஆகாதவர் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். டாக்டரோ, தற்சமயம் நோயின் அறிகுறி இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும், பளு தூக்காத வேலை செய்யலாம் என்றுதான் எழுதினார். பூரணம் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, எழுதினால் பொய் என்றார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை நைனா துறைமுக வாசலில் இருக்கும் ஆபீசுக்குப் போனார். கோபம் வந்தால் குரலை உயர்த்தி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வார் என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். குரல் உயரும்போது பின்னால் நின்று சட்டையை இழுப்பது என் வேலை.

சூப்பரண்டு பரசுராமன் சார் கெட்டவர் இல்லை. தாளை இரண்டு தடவை படித்தார். பூரணம் என்ற வார்த்தை இல்லையே அப்பாவு, நான் என்ன செய்யட்டும் என்றார். நாளைக்கே நோய் திரும்ப வந்தால் என்று கேட்டார். நைனா, இன்னா சார் என்று ஆரம்பித்தார். நான் இழுத்தேன். இருபத்திரண்டு வருசம் சார் என்றார், குரல் ஏறியது, நான் பலமாக இழுத்தேன், சட்டை முதுகில் சர்ரென்று கழுத்துவரை கிழிந்துவிட்டது. ஆபீசில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நைனா மேஜைக்கு முன்னால் கிழிந்த சட்டையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை அத்தை. மேஜையில் சங்கிலிப் புஸ்தகம் திறந்திருந்தது. கலர், தேதி, கையெழுத்து எல்லாம் தெரிந்தது.

"சார், இந்தப் பொஸ்தகத்துல எந்தச் சங்கிலிக்காச்சும் இனிமே அறவே அறாதுன்னு எழுதிகீதா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். புஸ்தகத்தைப் பார்த்தார். "அப்படி எந்தச் சங்கிலிக்கும் எழுத முடியாதும்மா" என்றார்.

"அதுங்களை வச்சுகினுதானே சார் கப்பலையே காலி பண்றீங்க?"

அதற்கு மேல் எனக்குத் தெரியாது, காது இரண்டும் அடைத்துவிட்டது. பரசுராமன் சார் புஸ்தகத்தை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தார் என்று நைனா சொல்கிறார். பிறகு டாக்டர் எழுதிய தாளின் ஓரத்தில், மூன்று மாதத்துக்குப் பாஸ், சங்கிலி பார்க்கும் வேலை மட்டும், பளு தூக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே தேதியும் போட்டார். நைனா கிழிந்த சட்டையோடு கல்மண்டபம் வரை நடந்தே வந்தார். ரிக்ஷா வேண்டாம் என்றுவிட்டார். வழியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும், எம் பொண்ணு இன்னா கேட்டா தெரியுமா என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பத்தடி பின்னால், தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். அம்மா நெத்திலிக் குழம்பு வைத்தாள். நான் ஆபீசில் கேட்டதைப் பற்றி மாமி சொன்னது கடற்கரை வரை கேட்டிருக்கும். நேற்றிலிருந்து நைனா வேலைக்குப் போகிறார்.

ஆகவே அத்தை, குணமா என்றால் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. ஆனால் எங்களுக்கு இனிமேல் அது தெரியவேண்டியதும் இல்லை. முன்பு மூன்று மாதம் முழுக்கப் பயந்தோம். இனிமேல் பரிசோதனைக்கு முந்தின வாரம் மட்டும் பயப்படுவது, மற்ற நாளெல்லாம் வேலையைப் பார்ப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். நைனாவுக்கு எங்கே எது வலித்தாலும் பதற மாட்டோம், அழ மாட்டோம். கிடாவை நீங்கள் இனிமேலும் வைத்துக்கொண்டு துன்பப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு பொங்கல் என்று அம்மனிடம் மாற்றிக் கேட்டுப்பாருங்கள்.

மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கங்களும் அன்பும். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் எங்கள் வீட்டின்மேல் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்
வேம்பு

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. மேலே, பதற மாட்டோம், அழ மாட்டோம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். விடிந்ததும் நைனாவால் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. முதுகு. டாக்டர் சொன்ன அதே முதுகு. அம்மா அழுதாள், நான் அழுதேன், மாமி புர்க்காவை மறுபடியும் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் எண்பத்து மூன்று நாள் இருக்கிறது. அந்த நேரத்தில் நைனாவைக் கூட்டிப்போக வந்த லியாகத் அலி மாமு, நேற்று ஷெட்டில் இவர் ஐந்து சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார், பளு தூக்கக்கூடாது என்று சொன்னதற்கு, நான் பாஸு மாமு என்று காலைக் காட்டினார் என்று சொல்லிவிட்டார். அம்மா உடனே அழுகையை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், கேட்க நன்றாக இருக்கிறது. வலி சங்கிலியால் வந்ததா, வேறு எதனாலாவதா என்று எங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமைக்குள் வலி போகாவிட்டால் ஆஸ்பத்திரி என்று பேசி வைத்திருக்கிறோம். அதுவரை லீவு போடச் சொன்னால் நைனா கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேலைக்குக் கிளம்பிவிட்டார். இந்தக் கடிதத்தையும் தானே தபாலில் போடுவதாகக் கேட்டு வாங்கிக்கொள்ள நிற்கிறார். கொடுத்துவிடுகிறேன் அத்தை. தபால்பெட்டியின் வாய் நெஞ்சு உயரத்தில்தான் இருக்கிறது, அவர் குனியவேண்டியது இல்லை.