பதுங்கி அண்ணனின் காரும் மருதாயி அக்காவின் வயிறும்

மலைநாட்டில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் வாந்தியைப் பற்றி இவ்வளவு ஆழமாகச் சிந்தித்த மனிதர் பதுங்கி அண்ணன் ஒருவர்தான். மற்ற டிரைவர்கள் பெட்ரோல் விலை பேசுவார்கள், அரசியல் பேசுவார்கள். இவர் கொட்டகலைக் கடைவீதியில், வாடகைக் கார்கள் நிற்கிற இடத்தில் சாய்ந்துகொண்டு, "மாஸ்டர், மனுசனுக்கு வாந்தி எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க? வயித்துலேருந்தா, ரோட்டுலேருந்தா?" என்று கேட்பார். நான் தின்ற ரொட்டி தொண்டையை விட்டு இறங்கியிருக்காத காலை நேரத்தில்தான் கேட்பார்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராக வந்து சேர்ந்திருந்தேன். பாண் என்கிற பேக்கரி ரொட்டிக்கே வரிசையில் நின்ற காலம். கார்ச் சாமான் கேட்டுப் போனால் கடைக்காரர் நம்மை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

அண்ணனின் சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பட்டப்பெயர் காரால் வந்தது. நீல நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் கார். அதன் ஸ்பிரிங்குகளை அவரே அறுத்துக் குட்டையாக்கி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டார். எலியைக் கண்ட பூனை மாதிரி அது ரோட்டில் பதுங்கிப் பதுங்கிப் போகும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் கார் ரேஸைப் பார்த்துவிட்டு ஆசாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே சொன்னது. அவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரேஸ் காரை அவர் ஓட்டியது மாட்டுவண்டி வேகத்தில்.

சனிக்கிழமைகளில் நான் அதில் ஹட்டனுக்குப் போவேன். உள்ளே உட்கார்ந்தால் தேயிலைச் செடிகள் நம் தலைக்கு மேலே நிற்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் வானத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். பனிமூட்டம் இறங்கினால் அது கூரைக்கு மேலாகவே போய்க்கொண்டிருக்கும். நாங்கள் ஆற்றுக்கு அடியில் போகிற மீன்களைப் போல அதன்கீழே சத்தமில்லாமல் ஊர்ந்துகொண்டிருப்போம். எனக்குக் கண் தானாகச் செருகும். அந்தச் சொர்க்கம் பள்ளம் வரும்வரைதான். பள்ளத்தில் இறங்கியதும் கீழேயிருந்து 'டங்' என்று ஒரு அடி விழும், என் தொப்பி பின் சீட்டுக்குப் போய்விடும்.

காரணம் சின்னதுதான். முன்சக்கரத்தில் அதிர்வைத் தாங்கும் சொக் கம்பியில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வண்டி அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்குவது அந்த முட்டு ரப்பர். கம்பியில் சேறும் தூசியும் படாமலிருக்க அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஓர் உறை. வண்டியை இறக்கிய பாவத்துக்கு இரண்டும் அடிவாங்கி அடிவாங்கி, ரப்பர் பொடியாகி உதிர்ந்துவிட்டது, உறை கந்தலாகிவிட்டது.

"ஏண்ணே, வண்டியப் பழையபடி ஒசத்திட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒசத்தினா வளைவுல ஆடும் மாஸ்டர். ஆடினா மருதாயி தாங்க மாட்டா."

மருதாயி அக்கா அவருடைய மனைவி. ராகலையிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர். வரும்போது அந்தப் பாதை நெடுக வாந்தியெடுத்துக்கொண்டே வந்தவர், பிறகு ஊர்ப் பக்கம் போகவேயில்லை. அம்மா செத்த செய்தி வந்தபோது நானுஓயா வரை ரயில் கோச்சியில் போய், அங்கிருந்து பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வளைவுகளில் குடலே வெளியே வந்துவிடும் போலாகி, பாதியில் இறங்கி ரோட்டோரத்தில் விழுந்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தார். அடுத்த வாரம்தான் அண்ணன் ஸ்பிரிங்கை அறுத்தாராம். இதைக் கேட்டபிறகு ரேஸ் கார் என்று கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை.

இப்போது, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில், அக்காவின் தங்கை செல்லத்துக்கும் போக நாள் குறித்தாகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு ராகலையிலிருந்து கிளம்புகிறாள். போனால் போனதுதான். அதற்குள் அக்காவை ராகலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வளைவில் ஆடாமல் இருக்கக் கார் ஒருவழியாகப் பழகியிருந்தது. பள்ளத்தில் இடிக்காமல் இருக்கத்தான் பழகவேண்டும்.

அண்ணன், தோட்டத்துத் துரையின் பங்களாச் சமையல்காரரிடம் கெஞ்சி, துரை கழித்துப்போட்ட, முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ் ஒரு சோடி வாங்கிவந்தார். கால் பகுதியை வெட்டி, வெந்நீரில் ஊறப்போட்டு, இடைவெளி விட்டு இறுக்கிக் கட்டி மடிப்பு வரவழைத்தார். அதுதான் புது உறை. இடது கால் இடதுபக்கச் சக்கரத்துக்கு, வலது கால் வலதுபக்கத்துக்கு என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

"ரெண்டும் ஒரே குழாய்தானேண்ணே?"

"சும்மா இருங்க மாஸ்டர். மாத்திப் போட்டா வண்டி கிளப்புலேருந்து வர்ற துரை மாதிரி பின்னிப் பின்னி நடக்கும்."

முட்டு ரப்பருக்கு அவருடைய ரப்பர் செருப்புகள் பலியாயின. வட்ட வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கோத்தார். போதாதென்று என் செருப்பையும் வாங்கிக்கொண்டார். ரப்பர் எவ்வளவு உயரமோ அவ்வளவு மெத்தை என்பது அவர் கணக்கு.

வேலை முடிந்ததும் வண்டியைச் சோதிக்கவேண்டுமே. இங்கேதான் அவர் மற்ற மனிதர்களிடமிருந்து வேறுபட்டார். தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய், வாந்திக்குப் பேர்போன பெண்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். அழைப்பு வராதவர்களுக்கு மனத்தாங்கலே வந்துவிட்டது. "பொகவந்தலாவ வரைக்கும் நிறுத்தாம வாந்தியெடுத்தவ நான். என்னையக் கூப்பிடாம அவளக் கூப்புட்டிருக்காரே!" என்று ஒருத்தி என்னிடமே முறையிட்டாள்.

எல்லோருக்கும் மேலே சவரியம்மா அக்கா. கோயிலுக்கு ஃபாதரின் கார் வந்து நின்றாலே உள்ளே ஓங்கரிப்பவர். எனக்குப் பள்ளி விடுமுறை வாரம் அது; புதன்கிழமை காலை அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கார் தவளை மாதிரி தத்தியது. திரும்பி வந்து இறங்கியவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, வாயைத் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"வளைவுல ஒண்ணுமே தெரியல தம்பி. ஆனா இது ஓடல, குதிக்குது. சின்னக் கல்லுக்கே குதிக்குது."

அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் வியாழக்கிழமை. கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து அதன் அடியில் புகுந்தார்.

"மாஸ்டர், வண்டிய எறக்கினப்பவே உள்ள எடம் கொறைஞ்சு போச்சு. அந்தக் கொஞ்ச எடத்துல நான் மூட்டை கட்டி வச்சிருக்கேன். ஸ்பிரிங் வேலை செய்யவே இல்ல. வண்டி பூராவும் செருப்பு மேலதான் நிக்குது!"

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். ரப்பரைப் பாதியாகக் குறைத்துக் கோத்தோம். சவரியம்மா அக்கா, கும்பிடு போட்டுக் கேட்டதால், இன்னொரு முறை ஏறினார். இந்தத் தடவை இறங்கி நின்று, வேலிப் பக்கம் போகாமல், "எனக்கு என்னமோ ஆயிருச்சு, வாந்தியே வரல" என்று பயந்துபோய்ச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை புறப்பட்டோம். பின் சீட்டில் மருதாயி அக்கா, குமட்டினால் முகர்ந்துகொள்ளக் கையில் தேசிக்காய், கண்கள் இறுக மூடி. முன் சீட்டில் நான். பள்ளம் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். தலவாக்கலை போயிற்று. நானுஓயா போயிற்று. அம்மாவின் சாவுக்குப் போனபோது அக்கா விழுந்து கிடந்த இடம் வந்தது. அண்ணன் இன்னும் மெதுவாக்கினார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துச் சிங்களத்தில் திட்டினான். அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. நுவரெலியாவைத் தாண்டியதும் பனி எங்களுக்கு மேலே மூடியது. கார் கனவில் போவதுபோல் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றார் பின்னாலிருந்து அக்கா. எனக்கு உயிரே போய்விட்டது.

"இந்த ரோட்டுல இம்புட்டுப் பூவா இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணைத் திறந்து சன்னலில் முகத்தை வைத்திருந்தார். ஓரத்துக் காட்டுப் பூக்கள் அவர் முகத்துக்கு நேராக வந்து வந்து போயின.  அந்தக் குளிரிலும் அண்ணன் கழுத்தில் வியர்வை ஓடியது.

லயத்து வாசலில் வண்டி நின்றதும் செல்லம் ஓடிவந்து மண்ணில் முட்டிபோட்டாள். கார் அவ்வளவு தாழ்வு. முட்டிபோட்டால்தான் இரண்டு முகமும் நேருக்கு நேர் வரும். சன்னல் வழியாகவே கட்டிக்கொண்டு அழுதார்கள். அக்காவுக்கு இறங்கக்கூடத் தோன்றவில்லை.

அண்ணனைக் காணோமே என்று தேடிப் போனேன். தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல மாஸ்டர்," என்றார், கண்ணில் தண்ணீரோடு. "பயத்த இம்புட்டு நேரம் வயித்துலயே வச்சிருந்தேன்."

செல்லம் மறுநாள் போய்விட்டாள். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைவீதியில் நீலக் கார் தலவாக்கலைப் பக்கம் திரும்பி நிற்பதைப் பார்த்தேன். முன் சீட்டில் அக்கா, கையில் தேசிக்காய் இல்லாமல்.

"எங்கண்ணே?"

"ராகலைக்கு."

"அங்கதான் இப்ப யாருமில்லையே?"

"ஆளு இல்லாட்டி என்ன மாஸ்டர்? அவ அம்மாவப் பொதைச்ச எடம் இருக்கு, போற வழியில பூ இருக்கு. அவ இப்பத்தானே பாக்க ஆரம்பிச்சிருக்கா."

கார் பதுங்கிப் பதுங்கிக் கிளம்பியது. பனிக்குள் அது மறையும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அந்த மனுஷன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.