அலையும் கால் போர்வை

திருச்செங்கோடு,
வியாழக்கிழமை, இரவு பன்னிரண்டே கால்.

அன்புள்ள ஜெயபிரகாஷ் அண்ணனுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். உங்கள் போர்வெல் ரிக்குக்குச் சாமான் ஏற்றிய லாரி விடியற்காலை ஐந்து மணிக்கு ராய்ப்பூர் கிளம்புகிறது, அதில் இந்தக் கடிதம் வந்தாக வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கம்ப்ரசர் சத்தத்துக்குப் பயந்து நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள், நான் சொல்லப்போவது உங்கள் மாப்பிள்ளை காதில் விழக் கூடாது. இங்கு நானும் பாப்பா நிலாவும் அத்தையும் நலம். அங்கு உங்கள் நலமும் ரிக் வண்டியின் நலமும் அறிய ஆவல். வண்டி நலமாக இருந்தால்தான் ஆட்கள் வீடு திரும்புவார்கள் என்பதால் அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் ராத்திரி போர்த்திக்கொள்ளும் ஒட்டுப்போர்வையை, அவருக்குத் தெரியாமல் எடுத்து, இதே லாரியில் நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டும். தங்கைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டாமல் கடைசி வரை படியுங்கள்.

நான் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக ஒட்டித் தைத்து அமெரிக்காவுக்குப் போர்வை அனுப்புகிறோம் அல்லவா, பிரசவ லீவில் இருந்தபோது அங்கிருந்து ஒரு கட்டத்தின் மாதிரியை வாங்கிவந்து இவருக்காக நானே ஒன்று தைத்தேன். நான்கு மூலையிலும் இலை விரிந்த மாதிரி இருக்கும், வெற்றிலை என்றுதான் நினைத்தேன், மங்களகரமாக இருக்கிறதே என்று நாற்பது கட்டம் தைத்தேன். பாப்பாவுக்கு நாலு மாதம் ஆனபோது இவர் கிளம்பினார், என் கையாலேயே பையில் மடித்து வைத்தேன். லீவு முடிந்து வேலைக்குப் போனால், ஒவ்வொரு போர்வையோடும் அந்தக் கட்டத்தின் பெயரும் கதையும் எழுதிய அட்டை வேண்டும் என்று போர்வை வாங்கும் அமெரிக்க பையர் கேட்டிருக்கிறார், நீதான் படித்தவள், தைக்கிறவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடு என்று நாற்பது பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

படிக்கப் படிக்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெண்கள் கண்ணில் கண்டதையெல்லாம் கட்டமாக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் சிவப்புச் சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டை பட்டையாகத் தைத்தால் அது மரக்கட்டை வீடு, சிவப்புதான் அடுப்பு. கரடி நடமாடும் ஊரில் கரடிப் பாதம் என்று பெயர் வைத்த கட்டத்தையே, கரடியைக் காணாத ஊரில் சேற்றில் வாத்துக்கால் என்றார்களாம். வளைந்து வளைந்து போகும் ஒரு கட்டத்துக்குக் குடிகாரன் பாதை என்று பெயர். அதைச் சொன்னதும் தெய்வநாயகி அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, “இது எங்கூட்டுக்காரரு வர்ற வழிதானுங்க, இதைக் கண்டுபுடிக்க அமெரிக்கா வரைக்கும் போகோணுமா?” என்றார்கள். அன்றைக்கு முழுக்க சிரித்தோம். நானும் சிரித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். என் வெற்றிலை இருந்தது. கீழே, அலையும் கால் என்று போட்டிருந்தது.

இந்தக் கட்டத்தின் கீழ் படுத்தவன் வீடு தங்க மாட்டான், ஊர் ஊராகச் சுற்றுவான் என்று சொல்வார்களாம். கல்யாணப் பெண்கள் யாரும் இதைச் சீரில் கொண்டுபோக மாட்டார்களாம். உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, நான் இதைத் தைத்து ரிக் லாரியில் போகிறவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நான் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பக்கத்தில் இருந்து பார்த்தவர்தானே. இரண்டு மாதத்தில் வருகிறேன் என்றார், மழை பிடித்துக்கொண்டு வண்டி சேற்றில் இறங்கியது. மழை விட்டதும் வருகிறேன் என்றார், கம்ப்ரசர் உட்கார்ந்துகொண்டது. அதைச் சரிசெய்ததும் ஏஜென்ட் இன்னும் இருபது போர்வெல் போட வேண்டியிருக்கிறது என்றார். போன மாதம் விஜயவாடா வரைக்கும் வந்துவிட்டார் அண்ணா, நான் கோழியெல்லாம் சொல்லி வைத்தேன், ஸ்பேர் வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். ஏழு மாதம் ஆகிறது. பாப்பா குப்புற விழுந்ததை வீடியோ காலில்தான் பார்த்தார், அதுவும் பாதி புரளும்போது சிக்னல் போய், பிள்ளை ஒருக்களித்தபடியே படத்தில் நின்றுவிட்டாள். முழுதாக விழுந்தாளா இல்லையா என்று மறுநாள் கேட்டார்.

இப்போது அவள் கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். நேற்று கையையும் விட்டாள். முதல் அடியையாவது இவர் நேரில் பார்க்க வேண்டும் என்று, அவள் எழும்பும்போதெல்லாம் ஓடிப்போய் உட்கார வைக்கிறேன். அத்தை சத்தம் போடுகிறார்கள். “ஏஞ்சாமி, நடக்கற புள்ளைய இப்புடி அமுத்தி அமுத்தி உக்கார வெக்கறே? கால் வளைஞ்சு போயிருமல்லொ?”

“அவங்கப்பா பாக்காம நடக்கக் கூடாதுங்க அத்தை.”

“அவன் வர்றதுக்குள்ள இவ பள்ளிக்கூடமே போயிருவா, போ.”

பெயரை மாற்றிப் பார்க்கலாம் என்றும் யோசித்தேன். அமெரிக்காக்காரர்களும் அதைத்தான் செய்தார்களாம், அதே கட்டத்துக்கு வான்கோழித் தடம் என்று பெயர் வைத்ததும் பெண்கள் தைரியமாகச் சீரில் வைத்தார்களாம். கம்பெனி சூப்பர்வைசர் அன்புச்செல்வியிடம் சொன்னேன். “பேரை மாத்துனா மட்டும் நின்னுருமாங்க? வான்கோழியும் நடக்கத்தானுங்க செய்யும்,” என்றாள். உட்கார்ந்த கோழி என்று வைக்கிறேன் என்றேன். “அப்பொ அவரு அங்கயே உக்காந்துக்குவாரு பாருங்க,” என்றாள். அதனால் பெயர் மாற்றம் வேண்டாம், போர்வையே மாற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த முடிவில் மாற்றமில்லை.

இத்துடன் மரக்கட்டை வீடு கட்டத்தில் ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன், பதினோரு ராத்திரி விழித்துத் தைத்தது. அவர் குளிக்கப் போகும்போது இதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துவிடுங்கள். கேட்டால், வெளுக்கப் போட்டது மாறிவிட்டது என்று சொல்லுங்கள். போர்வை மாறியபின் பத்து நாளில் அவர் ரயில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மேனேஜர் நீங்கள், நீங்களே ஏற்றிவிட வேண்டும். பெரியப்பா பெரியம்மாவை நினைத்துக் கேட்கிறேன், நீங்களும் உங்கள் ஆட்களும் உடம்புக்கு ஒன்றும் வராமல், தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்துத் துளை போட்டு நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
சௌந்தர்யா.

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் அத்தை தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, என்ன எழுத்து என்றார்கள். சொன்னேன். “அந்தப் போர்வையவா? அதை எங்க சாமி அவன் கொண்டுட்டுப் போனான்? புதுத்துணிய கிரீசுல பொரட்டிப்போடுவான்னு நாந்தான் பையிலிருந்து எடுத்துட்டு, பழைய ஜமுக்காளத்தை வெச்சு உட்டேன். அது உன்ர மெத்தை உறைக்குள்ள கிடக்குது. புள்ளை ஒண்ணுக்குப் போனா மெத்தையில எறங்காதல்ல,” என்றார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தேன். நாற்பது கட்டமும் இருக்கிறது, நிறம்தான் கொஞ்சம் போய்விட்டது. ஆகவே எதையும் திருட வேண்டாம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஏழு மாதமாக அலையும் காலின் மேல் படுத்திருந்தது நானும் பாப்பாவும்தான், அப்படியென்றால் கிளம்ப வேண்டியவர்கள் நாங்கள். போனிலேயே புதன்கிழமை ரயிலுக்குச் சேலத்திலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டேன். “நானும் வாரேன், மூட்டைய நான் தூக்கறேன், நீ புள்ளைய அமுத்து,” என்று அத்தையும் கிளம்பிவிட்டார்கள். அவரை எங்கேயும் அனுப்பிவிடாதீர்கள், பிடித்து வையுங்கள். ராய்ப்பூரிலேயே இறங்குவதா, அதற்கு முன்னால் உங்கள் கேம்புக்குக் கிட்டமாக வேறு ஸ்டேஷன் இருக்கிறதா என்று தெரியவில்லை. கடிதம் கிடைத்ததும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.