கடன்சாமியின் மைக்கூடு

அந்த ஆவணி மாதம் சாவகச்சேரிச் சந்தையில் கத்தரிக்காயைவிடக் கடன்சாமியின் பேர்தான் அதிகம் விலைபோனது.

முழுப்பேர் இருணவிமோசனானந்த சுவாமிகள். அதை ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சாமர்த்தியசாலிக்குக் கடன் வந்திருக்கவே நியாயமில்லை. ஆகவே சனம் சுருக்கிக் கடன்சாமி என்றது. இமயமலையில் பன்னிரண்டு வருடம் ஒற்றைக்காலில் நின்றவராம். எந்தக் கால் என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த புகையிலைக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, மான்தோல் விரித்து, தாடிவைத்த சீடன் ஒருவனைக் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, சாமியார் கடை திறந்துவிட்டார்.

வித்தை எளிமையானது. கடன்காரன் சாமியின் முன்னால் இருந்து, சாமி தந்த தாளில், சாமியின் தீர்த்த மையைத் தொட்டு, தன் கடனைத் தன் கையாலேயே எழுதவேண்டும். தாளைச் சுருட்டிச் செப்புக்குடத்தில் போட்டு, குடத்தைச் சாம்பிராணித் தணலில் வைப்பார்கள். காலைப் பூசைக்கு உள்ளே போன தாள் மாலைப் பூசைக்கு வெளியே வரும். ஒரு எழுத்து இராது. சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளை. சித்திரகுத்தனின் ஏட்டில் கடன் அழிந்துபோனதற்கு அதுதான் அத்தாட்சி. நூறு ரூபாய்க் கடனுக்கு ஐந்து ரூபாய் காணிக்கை.

மேலே அழிந்த கடன் கீழே அரசாங்கக் கச்சேரி ஏட்டிலும் கடைக்காரன் கொப்பியிலும் அழிவதற்கு ஒரு மண்டலம் செல்லும் என்று சாமி சொல்லியிருந்தார். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். கோப்பாயில் சாமி முகாமிட்டது நாற்பது நாள். அதற்கு முன் கரவெட்டியிலும் நாற்பது நாள். வட்டிக் கணக்கை அரைச்சதம் பிசகாமல் மனத்திலேயே போடுகிற சனத்துக்கு, இந்தச் சின்னக் கழித்தல் மட்டும் ஏனோ வரவில்லை.

இப்படியான புண்ணிய காலத்தில்தான் கனகரத்தினத்துக்கு அந்தக் கடதாசி வந்தது.

கனகரத்தினம் புகையிலை வியாபாரி. மலையாளத்துக்குச் சிப்பம் சிப்பமாக அனுப்பி நன்றாக வாழ்ந்தவர். விலை விழுந்ததும் அவரும் விழுந்தார். அது போதாதென்று அரசாங்கம் வருமானவரி என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது. மூன்று வருடமாக வரிக் கந்தோரிலிருந்து கோடு போட்ட படிவங்கள் வந்தன. நல்ல தடித்த தாள். கனகரத்தினம் அவற்றைப் புகையிலைச் சாம்பிளுக்குச் சுற்றி ஊருக்கெல்லாம் அனுப்பினார். பதில் வராததால் கந்தோர்க்காரர் தாங்களாகவே ஒரு வருமானத்தைக் கற்பனை செய்து, ஆயிரத்து எண்ணூறு ரூபா வரி கட்டு என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவு வருமானம் தனக்கு வந்திருக்கலாம் என்று கனகரத்தினமே அன்றுவரை கனவு கண்டதில்லை.

சட்டம் தெரிந்த பிரக்கிராசியாரிடம் ஓடினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு வழி சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் கணக்குக் கொப்பிகளைக் காட்டி ஆட்சேபனை எழுதிப்போட்டால் தொகை குறையும். குறைந்ததையும் கட்ட முடியாவிட்டால், கோட்டுக்குப் போய், நீதவான் முன்னால், கடன் கட்ட வகையில்லாத வங்குறோத்து என்று ஒப்புக்கொள்ளலாம். கடையும் சரக்கும் ஏலம் போகும். அதோடு ஒரு முடிவு வரும். மட்டுவிலில் உள்ள வீடும் பன்னிரண்டு பரப்புக் காணியும் மனைவி குணலட்சுமியின் சீதனம். புருசனுடைய கடனுக்கு அதில் அரசாங்கம் கைவைக்க முடியாது.

இதில் கனகரத்தினத்தின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். வங்குறோத்து.

அந்தச் சொல்லுக்குச் சாவகச்சேரியில் கையும் காலும் இருந்தன. பேர் செல்வரட்ணம். முன்னே பெரிய பிடவைக்கடை முதலாளி. இரண்டு வருடத்துக்கு முன் கோட்டில் ஏறி, இருந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லி, கடையைக் கொடுத்துவிட்டு இறங்கியவர். இப்போது சந்தை வாசலில் ஒரு மரப்பெட்டிக் கடையில் ஊசி, நூல், சவுக்காரம், மைப்போத்தல், காயமருந்து விற்கிறார். போகிற வருகிறவரெல்லாம் அவரை வங்குறோத்தர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் ஏன் என்று கேட்பார். அந்த ஆள் மத்தியானத்தில் பெட்டியில் சாய்ந்து குறட்டைவிட்டுத் தூங்குவதுதான் கடனோடிருந்த மற்ற முதலாளிமாருக்குப் பொறுக்கவில்லை.

வங்குறோத்தர் என்ற பேர் தனக்கும் வருவதைவிடச் சாமியின் காலில் விழுவது கௌரவமாகப் பட்டது கனகரத்தினத்துக்கு. மிஞ்சியிருந்த புகையிலையை விற்றுத் தொண்ணூறு ரூபாயைக் காசுப்பெட்டியில் போட்டார். எழுதினார். மாலையில் வெள்ளைத் தாள் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

ஆனால் சாமி தலையை ஆட்டினார். இது அரசாங்கக் கடனல்லவா? தலை அழிந்துவிட்டது, வேர் இருக்கிறது. வேர் எங்கே ஓடியிருக்கிறது என்று கண்ணைமூடிப் பார்த்தார். மட்டுவிலில் ஓடியிருந்தது. மனைவியின் சீதனக் காணியை மடத்தின் பேரில் நன்கொடை உறுதிப் பத்திரம் முடித்தால் வேரும் அறும். மண்டலம் கழிந்ததும் மடம் காணியைத் திருப்பித் தரும். வெள்ளிக்கிழமை நல்ல நாள். உறுதி எழுதுகிற நொத்தாரிசுவைச் சாமியே கூப்பிட்டுவிடுவார்.

கனகரத்தினம் வெள்ளைத் தாளைச் சால்வையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். குணலட்சுமி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை என்ன எழுதினீங்கள்?"

"வருமானவரி ஆயிரத்து எண்ணூறு எண்டு எழுதினன்."

"பிள்ளையார் சுழி போட்டனீங்களோ?"

அதென்ன கேள்வி என்று கனகரத்தினத்துக்குக் கோபம் வந்தது. மூன்று தலைமுறை வியாபாரி. சவுக்காரம் வாங்கத் துண்டு எழுதினாலும் மேலே சுழி போடாமல் அவர் கை ஓடாது.

"அப்ப அது எங்கை?"

கனகரத்தினம் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"கடன் அழிஞ்சது சரி," என்றாள் குணலட்சுமி. "பிள்ளையார் ஆருக்குக் கடன்?"

அன்று சோற்றைப் பிசைந்தபடி கனகரத்தினம் கணக்குப் போட்டார். இரண்டு வாரமாக நூற்றுக்கணக்கான பேர் எழுதினார்கள். நூற்றுக்கணக்கான சுழி. எல்லாம் அழிந்தன. எல்லோரும் கடன் போனதைப் பார்த்தார்களே தவிர, அதற்கு மேலே இருந்தவர் போனதைக் கவனிக்கவில்லை. அழிகிற எழுத்தைப் பார்த்து அழுத தன் கண்ணைக் கனகரத்தினம் கசக்கிவிட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் ஒரு மைப்போத்தல் வாங்குகிற சாட்டில் செல்வரட்ணத்தின் பெட்டிக்கடைக்குப் போனார். சுற்றி வளைத்து மையைப் பற்றிக் கதை தொடங்கியதும் செல்வரட்ணம் சிரித்தார்.

"கனகரத்தினம் அண்ணை, உங்கடை சாமிக்கு உடம்பெல்லாம் காயமோ?"

"ஏன்?"

"சீடன் கிழமைக்கு ஆறு போத்தில் அயடின் வாங்கிறான். ஆசுப்பத்திரிக்கும் அவ்வளவு செல்லாது."

பெட்டியின் கீழிருந்து அயடின் போத்தலை எடுத்தார். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு சிரட்டை கஞ்சித்தண்ணி கேட்டு வாங்கி, அதில் ஒரு சொட்டு விட்டார். கஞ்சி கருநீலமாகியது. அந்தக் கஞ்சியைத் தொட்டுத் தாளில் ஒரு கோடு இழுத்து, தேத்தண்ணிக் கேத்திலின் மூடியில் வைத்தார். இருவரும் ஆளுக்கொரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கோடு மங்கி, பிறகு காணாமற்போயிற்று.

"இமயமலைக்குப் போக எனக்கு நேரமில்லை," என்றார் செல்வரட்ணம். "அயடின்போத்தில் சீட்டிலை எழுதியிருந்ததைத்தான் வாசிச்சனான். உடுப்பிலை கஞ்சி இருந்தால் நீலமாகுமாம்."

கனகரத்தினத்துக்கு ஆத்திரம் பொங்கியது. உடனே போய்ச் சாமியின் தாடியைப் பிடிக்கவேண்டும் என்றார். செல்வரட்ணம் மறித்தார். நாங்கள் இரண்டு பேர் சொன்னால் இரண்டு பொறாமைக்காரர் சொன்னதாக இருக்கும்; சாமியின் குடமே சொல்லட்டும் என்றார். எப்படிச் சொல்லவைப்பது என்பதைக் கனகரத்தினமே கண்டுபிடித்தார். புகையிலைத் தரகு என்பது சால்வைக்குள் கைகோத்து, விரலால் விலை பேசுகிற தொழில். மேலே முகம் மழையைப் பற்றிக் கதைக்கும். கீழே விரல் இருநூறு ரூபா கூட்டும். முப்பது வருடப் பழக்கம். அந்தச் சால்வைக்குள் ஒரு சின்ன மைப்போத்தலுக்கு இடம் இல்லாமலா போகும்?

வெள்ளிக்கிழமை காலை கிட்டங்கி நிரம்பி வழிந்தது. காணி கொடுக்கப்போகிறார்கள் என்றால் பார்க்கச் சனத்துக்குக் கேட்கவா வேண்டும். நொத்தாரிசு உறுதியை விரித்துவைத்திருந்தார். சாமியின் ஒரு கண் தியானத்தில் இருந்தது. மற்றக் கண் உறுதியில், பன்னிரண்டு பரப்பு என்ற இடத்தில் இருந்தது.

கனகரத்தினம் பாயில் இருந்து, சாமியின் மைக்கூட்டில் பேனையைத் தொட்டு, எல்லோருக்கும் தெரியப் பெரிதாகப் பிள்ளையார் சுழி போட்டார். பேனையைத் துடைத்தார். வியர்வை ஒற்றுகிற பாவனையில் சால்வையைக் கைமேல் இழுத்துவிட்டார். உள்ளே பேனை வேறு போத்தலைத் தொட்டது. நிறம் இரண்டும் நீலந்தான். வருமானவரி ரூபா ஆயிரத்து எண்ணூறு. எழுதியது தொழில் தெரிந்த விரல்.

தாள் குடத்துக்குள் போனது. குணலட்சுமி கையெழுத்தை இப்போதே வைக்கலாமே என்று சீடன் ஒருமுறை கேட்டான், சாமி இருமுறை கேட்டார். வேர் அறுந்ததைக் கண்ணால் கண்டபிறகு வைக்கிறேன் என்று அவள் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள்.

மாலைப் பூசை. சங்கு ஊதினார்கள். சாமி குடத்துள் கைவிட்டு, தாளைப் பார்க்காமலே உயர்த்திச் சனத்துக்குக் காட்டினார். அவருக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை.

அரோகரா பாதியில் நின்றது.

தாளில் வருமானவரி ரூபா ஆயிரத்து எண்ணூறு அப்படியே கொழுகொழுவென்று இருந்தது. மேலே சுழி இருந்த இடம் வெள்ளை.

சாமியும் திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். எழுதியவனுக்குப் பக்தி குறைவு என்றார்.

குணலட்சுமி எழும்பினாள். "என்ரை மனுசனுக்குப் பத்தி குறைவாய் இருக்கட்டும் சாமி. பிள்ளையாருக்கு என்ன குறைஞ்சது? கடனை விட்டிட்டு அவரை ஏன் அழிச்சனீங்கள்?"

கிட்டங்கியில் முதலில் ஒரு சிரிப்பு. பிறகு நாலைந்து பேர் மடியிலும் சட்டைப்பையிலும் பத்திரப்படுத்தி வைத்திருந்த தங்கள் வெள்ளைத் தாள்களை எடுத்து, மேலே, சுழி இருக்கவேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது செல்வரட்ணம் ஒரு சிரட்டை கஞ்சியோடும் ஒரு போத்தல் அயடினோடும் நடுவில் வந்து இருந்தார். கனகரத்தினம் சால்வையை விலக்கித் தன் மைப்போத்தலைச் சாமியின் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது எழுபத்தைஞ்சு சதம் குடுத்துச் சந்தையிலை வாங்கின மை. ஆயிரத்து எண்ணூறை எழுதினது இது. சுழி போட்டது சாமியின்ரை மை," என்றார். "சித்திரகுத்தன்ரை ஏடு என்ன, மை பார்த்தோ அழியிறது?"

செல்வரட்ணம் சொட்டு விட்டார். கஞ்சி நீலமானது. அதற்குமேல் பிரசங்கம் தேவைப்படவில்லை.

சாமி சீடனைத் திரும்பிப் பார்த்தார். சீடனும் இல்லை, காசுப்பெட்டியும் இல்லை. கொழும்புக்குப் போகிற ரயில் தூரத்தில் கூவியது. ஊரை ஏமாற்றியவரை ஏமாற்றவும் ஒருவன் இருந்திருக்கிறான் என்று தெரிந்தபோது, பாவம், சாமியின் முகத்தில் உண்மையான துறவு அப்போதுதான் தெரிந்தது. நொத்தாரிசு உறுதியை மடித்துவைத்துவிட்டு, தன் கூலியை யார் தருவது என்று கேட்டார்.

அடிக்கவேண்டும் என்று சிலர் கையை மடக்கினார்கள். செல்வரட்ணம் தடுத்தார். அடித்தால் தழும்புதான் மிஞ்சும், காசு மிஞ்சாது என்றார். சாமியைப் பாயில் இருத்தி, ஒவ்வொருவரிடமும் வாங்கியதை வரிசையாக எழுதிப் புறோநோட்டுத் தரச் சொன்னார்கள். கழுத்தில் கிடந்த தங்கம் கட்டிய உருத்திராக்க மாலையை ஈடாகக் கழற்றி வாங்கினார்கள். சாமி பழக்கதோசத்தில் தன் மைக்கூட்டுப் பக்கம் பேனையை நீட்டினார்.

"உதிலை வேண்டாம்," என்றார் கனகரத்தினம், தன் போத்தலைத் தள்ளிவிட்டு. "இதிலை தொட்டு எழுதும்."

திங்கட்கிழமை காலை, கணக்குக் கொப்பிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கனகரத்தினம் பிரக்கிராசியாரின் வாசலில் நின்றார். தவணைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஆயிரத்து எண்ணூறு எழுநூற்று நாற்பதாக இறங்கியது. அதுவும் கட்ட வழியில்லை. மற்றக் கடன்காரரும் வாசலில் நின்றார்கள். ஆகவே தைமாதம் கோட்டில் ஏறினார். இருந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். சாமிக்குக் கொடுத்த தொண்ணூறு ரூபாயையும் சொன்னார்; நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். கடை போனது. தராசு போனது. மட்டுவில் காணி குணலட்சுமியிடம் இருந்தது.

இப்போது சந்தை வாசலில் இரண்டு மரப்பெட்டிகள். ஒன்றில் ஊசியும் நூலும், மற்றதில் சுருட்டு. போகிறவர்கள் வங்குறோத்தர் என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஏன் என்று கேட்கிறார்கள். மத்தியானத்தில் இரண்டு பெட்டியிலிருந்தும் குறட்டை கேட்கிறது.

கரவெட்டிப் பக்கத்தில் இப்போது இன்னொரு சாமி வந்திருக்கிறாராம். கடன்கூட இல்லையாம், நோயையே தாளில் எழுதி அழிக்கிறாராம். போகிறவர்கள் போங்கள், தடுக்க நான் யார்? பூவும் பழமும் கற்பூரமும் அவரிடமே வாங்குங்கள். மையை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.