சாவு வீட்டு பிளேன்டீ நிறத்தில் ஒரு கதிரை

இரத்தினபுரியிலிருந்து ஓப்பநாயக்க வரைக்கும் எந்த வீட்டு அலுமாரியும் தேத்தண்ணி பாஸுக்குத் தெரியாமல் நிறம் மாறியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிற செட்டி சோபாவைத்தான் பார்ப்பார். "பையன் எப்படி பாஸ்?" என்று யாராவது கேட்டால், "கால் ரெண்டும் மஹோகனி, முதுகு ரப்பர் மரம். மேல பூசி ஏமாத்தியிருக்கானுங்க" என்பார். ஒரு சம்பந்தமே இதனால் முறிந்ததாகக் கேள்வி.

தச்சு வேலை செய்கிறவரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். தேத்தண்ணி என்ற பட்டம், கடையில் விற்கிற ஸ்டெயின் டின்னை அவர் கையால்கூடத் தொடாததால் வந்தது. தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து அந்தச் சாயத்தை மரத்தில் பூசுவார். அது காய்ந்ததும், துருப்பிடித்த ஆணிகளை வாரக்கணக்கில் ஊறப்போட்ட விநாகிரியை, அதாவது காடியை, அதன்மேல் தடவுவார். கண் முன்னாலேயே மரம் கறுக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள்.

எனக்கு அவர் அறிமுகமானது என் கெட்ட நேரத்தில். குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஒஃபீஸுக்குப் போன முதல் ஆள் நான்தான். பழைய தொரை பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக்கி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் தலையில் கட்டினார் தோட்ட மனேஜரான எங்கள் தொரை.

"அந்தச் சாப்பாட்டு மேசையும் எட்டுக் கதிரையும் பத்திரம். அதைப் பார்க்கத்தான் ஆளுங்க வருவாங்க. ஒண்ணு போனாலும் நீ திரும்ப ஒஃபீஸ் பக்கம் வர வேண்டாம்" என்று சொல்லியிருந்தவர், அடுத்த மாதம் பத்து நாளைக்குக் கொழும்புக்குப் போனார்.

அவர் போன இரண்டாம் நாள் ஜன்னலோரம் இருந்த கதிரையில் ஏறிக் குளவிக் கூட்டைத் தட்டினேன். கதிரையின் காலைக் கறையான் தின்றிருந்தது எனக்குத் தெரியாது. நானும் கதிரையும் சேர்ந்து விழுந்தோம். நான் மட்டும் முழுசாக எழுந்தேன்.

குருவிட்ட தச்சர் ஒருவர் பலா மரத்தில் அச்சு அசலாக ஒரு கதிரை செய்து கொடுத்தார். அளவில் குறையே இல்லை. ஆனால் புதுப் பலா மஞ்சள். கறுத்த ஏழு கதிரைகளுக்கு நடுவே அது, யானைக் கூட்டத்தில் வழிதவறிய கோழிக்குஞ்சு மாதிரி நின்றது. நானே ஒரு டின் ஸ்டெயின் வாங்கி அடிப்பக்கத்தில் பூசிப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறம் வந்தது. அதன் பிறகுதான் பாஸுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் புதுக் கதிரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பழைய கதிரை ஒன்றின் அழுக்கைத் துடைத்து, அடியில் குனிந்து பார்த்து, மோந்தும் பார்த்தார். பிறகு உடைந்த துண்டுகளைக் கேட்டார். இடது கைப்பிடியை வெளிச்சத்தில் பிடித்தபடி, "இதுல யாரு உக்காருவாங்க?" என்றார்.

"யாருமில்லீங்க பாஸ். வருஷக்கணக்கா சும்மா கிடக்கு."

"ஆள் உக்காராத கதிரைக்கு இந்த மினுமினுப்பு வராது தம்பி. மத்த ஏழையும் தடவிப் பாருங்க, வறண்டு கிடக்கு. இது கை எண்ணெய். உடையுற வரைக்கும் பட்டிருக்கு."

சமையலறை வாசலில் நின்ற அப்பு, அதாவது பங்களாச் சமையல்காரர், தொண்டையைச் செருமினார். "உடையுற வரைக்கும் கிளாக்கரையாதானே தெனமும் அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உக்காந்தீங்க? நான்தானே காலையில சரி பண்ணி வச்சேன்."

"நானா? கூட்டும்போது நீங்கதான் திருப்பி வச்சீங்கன்னு நான் நெனச்சேன்!"

"சரி பண்ணி வைக்கிறதைத் தவிர நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க."

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே மழையில் ரப்பர் மரங்கள் நின்றன. பாஸ் மட்டும் நிம்மதியாகத் தலையாட்டிச் சிங்களத்தில் சரி என்றார். "ஹரி. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு வேலை லேசு."

அடுத்த நாள் மிச்சப் பலாத் துண்டு ஒன்றில் வரிசையாகப் பதினான்கு பட்டைகள் பூசினார். ஒவ்வொன்றுக்கும் பால் விடாத தேத்தண்ணியான பிளேன்டீயின் பெயர் வைத்தார். பெல்மதுளை பஸ் ஸ்டாண்ட் பிளேன்டீ. ஆஸ்பத்திரி கென்டீன் பிளேன்டீ. மாமியார் வீட்டு பிளேன்டீ. அது தண்ணீர் நிறம். காய்ந்த சாயம் வெளுப்பாகத் தெரியும் என்பதால் ஒவ்வொரு பட்டையையும் ஈரத்துணியால் நனைத்து, பழைய கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்துக் காலை வெளிச்சத்தில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை பார்த்தார். கடைசியில் பதினோராவது பட்டைமேல் விரல் வைத்தார்.

"இதுதான். சாவு வீட்டு பிளேன்டீ."

"வேற பேரு வைக்கக் கூடாதா பாஸ்?"

"கலரை மாத்தலாம் தம்பி, பேரை மாத்த முடியாது."

மூன்று பூச்சுப் பூசி, மேலே பொலிஷ் போட்டு, கதிரையை ஜன்னலோரம் காயவைத்தோம். அன்று அப்பு கண் கிளினிக்குக்காக இரத்தினபுரி போயிருந்தார். சாப்பாட்டு அறையை நானே பூட்டினேன், சாவி என் சட்டைப்பையில். பாஸும் நானும் பின் வராந்தாவில் சோறு தின்றோம். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தோம்.

இடது கைப்பிடியில், ஈரப் பொலிஷில், ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. மெல்லிய, நீள விரல்கள். யாரோ உட்கார்ந்து ஜன்னல் வழியே எதையோ பார்க்கச் சற்று முன்னால் சாய்ந்தபோது அழுத்திப் பிடித்த மாதிரி. நான் என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; என் விரல் இரண்டு மடங்கு தடிமன். பாஸின் இடது கையில் மரம் அறுக்கிற வாள் கடித்தது போக மூன்று விரல்தான். எனக்கு முதுகில் வியர்த்தது.

பாஸுக்கும் வியர்த்தது, கோபத்தில்.

"காயறதுக்குள்ள கை வச்சிட்டீங்களே! ஒரு நாள் பொறுக்க முடியாதா?" என்று வெறும் கதிரையைப் பார்த்துக் கத்தினார். "இத்தனை வருஷம் உக்காந்திருக்கீங்க, பொலிஷ் காயணும்னு தெரியாதா?"

"பாஸ், மெதுவாப் பேசுங்க..."

"நான் ஏன் மெதுவாப் பேசணும்? நானா கை வச்சேன்?"

கத்தி முடித்ததும் குரலைத் தாழ்த்தினார். வேறொரு கதிரையைத் தூக்கி வந்து, மேசையைப் பார்த்தபடி பக்கத்தில் போட்டார். "யாரா இருந்தாலும் சரிங்க. பெரிய மனசு பண்ணி நாளைக்குக் காலை வரைக்கும் இதுல இருங்க. இந்தத் தம்பிக்கு வேலை போயிரும்." அறையைத் திரும்பவும் பூட்டச் சொன்னார்.

காலையில் திறந்தபோது புதுக் கதிரையை யாரும் தொட்டிருக்கவில்லை. பக்கத்தில் போட்ட கதிரை மட்டும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பாஸ் விரல் தடங்களைத் தேய்த்து எடுக்கவில்லை. உள்ளங்கையால் நீவிச் சமப்படுத்தினார். அந்த இடத்தில் மட்டும், பழைய கைப்பிடியில் இருந்த அதே மினுமினுப்பு வந்தது. "இதை என்னால கொடுக்க முடியாது தம்பி. அவங்களே கொடுத்துட்டாங்க" என்றார், ஏதோ கூட்டாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

தொரை எட்டு விருந்தாளிகளோடு வந்தார். கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது கதிரையைத் தட்டி, "இது என்ன, புதுசு மாதிரி இருக்கு?" என்றார்.

"இல்லீங்க தொரை, அது சத்தியமாப் பழசுதான்" என்றேன். அன்று நான் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான்.

விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் ஜன்னலோரக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். தொரை சிரித்தபடி என்னிடம், "இந்த இடத்துல யாரோ இருக்காங்களான்னு கேக்குறாங்க" என்றார். நான் சமையலறைக்கு ஓடி ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்தேன். அந்த அம்மாவும் பதிலுக்குக் காத்திருக்காமல், அதில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

வேலை தப்பியது. தூக்கம்தான் போனது. பகலில்கூட அந்த அறையில் கணக்குப் புத்தகத்தை விரிக்கப் பயந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கிளாக்கரையாவுக்குக் கிறுக்கு என்று லயம் முழுக்கப் பரவிவிடும்.

அந்தச் சனிக்கிழமை பாஸ் வந்தார். பொலிஷ் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். அடுத்த சனியும் வந்தார். ஓப்பநாயக்கவிலிருந்து இரண்டு பஸ் மாறி, மழையோ வெயிலோ, ஏழு மாதம் விடாமல் வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பார், ஊரிலிருக்கிற அத்தனை அலுமாரிகளைப் பற்றியும் புறம் பேசுவார், நான் வாய்விட்டுச் சிரித்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். பொலிஷ் பார்க்க வந்த மனுஷன் அந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அந்தக் கதிரை பக்கம் திரும்பவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துவிட்டுப் போனார்.