தானே திறக்கும் தலைக்கவசம்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. வாங்கிய பொருளை வாங்கியபடி வைத்திருக்க அவர்களுக்கு மனம் வராது. பெட்டியைப் பிரித்த கையோடு பொருளையும் பிரித்துவிடுவார்கள். உங்கள் எதிர்வீட்டிலோ மாடியிலோ ஒருவர் நிச்சயம் இருப்பார். எங்கள் மாடியில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சின்னவேலை'. எப்போது கேட்டாலும், "ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்பார், அதனால்.

ஒரு விண்வெளிப் படத்தில் கதாநாயகன் போட்டுக்கொண்டு வரும் தலைக்கவசத்தின் நகலை அவர் வாங்கினார். அச்சு அசல் அதே நிறம், அதே கீறல். அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் இல்லையா? மாட்டார். நீல விளக்கு எரிந்தால் நன்றாக இருக்குமே என்று டார்ச்சின் வயிற்றைக் கிழித்தார். விளக்கு மட்டும் எரிந்தால் உயிரில்லையே, மூச்சுச் சத்தமும் வேண்டுமே என்று வாசல் மணியைக் கழற்றி அதன் ஸ்பீக்கரை எடுத்தார். உள்ளே சூடாகிறதே என்று கம்ப்யூட்டரின் விசிறியைப் பிடுங்கினார். இப்படி வீட்டிலுள்ள சாமான்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ள, தலைக்கவசம் மட்டும் நாளுக்கு நாள் தேறி வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் புகை. தட்டுகள் சோபாவுக்குக் குடிபோயின. வருகிறவர்கள் கதவைத் தட்டத்தான் வேண்டும். "பெல் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து காட்டுவார்.

இந்த நேரம் பார்த்து, அவர் மனைவிக்கு அலுவலக ஆண்டு விழா நாடகத்தில் விண்கலத் தலைவி வேடம் கிடைத்தது. வாழ்க்கையிலேயே முதல் மேடை. துணி காயப்போடும்போதுகூட அந்த அம்மாள் வசனம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். கடைசிக் காட்சியில் கவசத்தின் முகப்பைத் திறந்துவிட்டுப் பேச வேண்டும்.

"ஏங்க, அந்த ஹெல்மெட்ட ஒரு நாளைக்குக் குடுங்க, போதும்."

"அப்படியே குடுக்கறதா? நீ 'திற'ன்னு சொன்னா அதுவா மேல போகும். ஒரு சின்ன வேலைதான்."

"கையாலயே தூக்கிக்கறேனே?"

"கையாலயா!"

அந்த ஒரு வார்த்தையில்தான் எத்தனை வேதனை! கையால் தூக்கக்கூடிய முகப்புக்கு மோட்டார் வைத்தார். மோட்டார் இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் இனி அதைக் கையால் அசைக்கவே முடியாது. இதற்குப் பெயர் முன்னேற்றம்.

பிறகு கவசத்துக்குப் பாடம் நடந்தது. மனைவி அலுவலகம் போன பிறகு, கூடத்தில் "திற!", மாடிப்படியில் "திற!", குளியலறையில் "திற!" கீழ்வீட்டில் நான் ஓரிரு முறை எழுந்துபோய் என் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்தேன். மனைவி ஒத்திகைக்குக் கேட்கும்போதெல்லாம், சின்ன வேலை பாக்கி இருந்தது.

அரங்கத்தின் வாசலில்தான் கவசம் அந்த அம்மாள் கைக்கு வந்தது. நானும் போயிருந்தேன். மேடையில் நீல விளக்கு எரிந்தது, மூச்சு இரைந்தது, சபை வாயைப் பிளந்தது.

"திற!" என்றார் தலைவி. திறக்கவில்லை. "திற!" ஊஹூம். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. அத்தனை நாள் உருப்போட்ட வசனம் கவசத்துக்குள்ளேயே முணுமுணுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கு மிகவும் பாவமாக இருந்தது.

அப்போதுதான் சின்னவேலைக்கு உறைத்தது. கவசம் பழகியதெல்லாம் அவருடைய குரல். வேறு குரல் அதற்குத் தெரியாது. விழுந்தடித்து மேடையருகே ஓடி, "திற!" என்று கத்தினார். முகப்பு சமர்த்தாக மேலே போயிற்று.

வியர்த்து வழிந்த முகத்தோடு அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். நாடகத்தில் இல்லாத வசனம் ஒன்று வந்தது.

"நான் சொன்னா இந்த மண்டையிலயும் ஏறாதா?"

கூரை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்று, பிறகு தன் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் பேசி முடித்தார். அதற்கு விழுந்த கைதட்டல் இன்னும் பெரிது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனிதர் மன்னிப்புக் கேட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

"உன் குரலையும் சேத்துடலாம்மா. ஒரு சின்ன வேலைதான்."

"மொதல்ல பெல்ல மாட்டுங்க."

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அம்மாள் கவசத்துக்குள் தவித்தபோது உங்கள் மனம் எங்கே இருந்தது? அவரிடமா? இல்லை, 'குரல் எதற்கு, பக்கவாட்டில் ஒரு பட்டன் வைத்திருந்தால் முடிந்ததே' என்று போனதா? போனதென்றால், தயவுசெய்து எழுந்துபோய் உங்கள் வாசல் மணியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.