கிணற்றுப் பாசனத்தில் கோழி வளர்ப்பு

கோயமுத்தூர் வட்டாரத்தில் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு அதைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி மாணவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவரையும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பக்க எண்’. யார் எதைச் சொன்னாலும் “பக்க எண்ணுங்க?” என்று கேட்பார். “சாம்பார்ல முருங்கக்கா போட்டிருக்குதுங்க” என்று விடுதிச் சமையல்காரர் சொன்னால், கரண்டியை விட்டுத் துழாவி, “ஆதாரம் கிடைக்கலீங்களே” என்பார். வாளியைத் தூக்கிக்கொண்டு சமையல்காரர் ஓடிவிடுவார்.

எங்கள் துறையில் அப்போது கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனம் பற்றி ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. அதற்கு முதல் வேலை, நூற்றைம்பது நூல்களுக்குக் குறிப்புரையோடு ஒரு பட்டியல். புத்தகத்தின் பெயரை எழுதி, உள்ளே என்ன இருக்கிறது, எதற்கு உதவும் என்று கீழே நாலு வரி எழுத வேண்டும். இதில் உள்ள ஒரே சங்கடம், முறையாகச் செய்தால் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் துறை அந்தச் சங்கடத்தை எப்போதோ கடந்திருந்தது. முந்தைய ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைச் செல்போனில் படம் பிடிப்போம், வரிசையை மாற்றுவோம், முடிந்தது. குறிப்புரைக்கு என்னிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. எளிய நடை. அரிய தரவுகள். ஆய்வாளர்களுக்குப் பெரிதும் உதவும். இவற்றைக் கலைத்துப் போட்டால் பஞ்சாங்கத்துக்கும் பொருந்தும். ஒரே நாளில் இருபது நூல்களை இப்படி முடித்து, களைத்துப் போய்த் தூங்கியவன் நான்.

பக்க எண் ஒரு நூலுக்கு நாலு நாள் எடுத்துக்கொள்வார். ‘முதல் நாற்பது பக்கம் நன்று, அதன்பின் ஆசிரியருக்கே சலித்துவிட்டது’ என்று எழுதுவார். ஒரு தடிமனான நூலுக்கு, ‘இதைப் படிப்பதைவிடக் கிணறு வெட்டுவது சுலபம்.’ கடைசியில் என் இருபதையும் பிடுங்கிக்கொண்டு மறுபடி எழுதினார்.

“ஏனுங்க தம்பி, இது மின்சார மோட்டார் ரிப்பேர் புஸ்தகமுங்க. இதுல என்னத்துக்குங்க ‘நாட்டார் வாழ்வியல்’?”

“மோட்டாரும் நாட்டாருக்குத்தானுங்ணா ஓடுது.”

என் நாலு வரியையும் அடித்துவிட்டு, அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தார். மோட்டார் ரிப்பேரே தேவலை என்று தோன்றியது.

மற்றதெல்லாம் முடிந்து, கிடைக்காமல் தள்ளி வைத்திருந்த நாற்பத்தொன்றாவது நூலில்தான் வினை வந்தது. பெயர்: ‘கிணற்றுப் பாசனத்தில் கோழி வளர்ப்பு’. வெளியீடு, தாராபுரம். எங்கள் துறையின் நான்கு ஆய்வேடுகளில் அது இருந்தது. அதில் ஒருவர் ‘நடை சிறப்பு’ என்று வேறு பாராட்டியிருந்தார். கிணற்றில் கோழிக்கு என்ன வேலை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பக்க எண் நூலகம் நூலகமாகத் தேடினார். பிறகு பஸ் ஏறித் தாராபுரமே போய்விட்டார். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடைக்காரர் அந்த அச்சக முதலாளியின் மகன். கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்:

“ஏனுங்க, படிச்சவீங்களாட்டத் தெரியறீங்க. கோழியக் கெணத்துக்குள்ள உட்டு ஆராச்சும் வளத்துவாங்களா?”

அதற்கும் பக்க எண் ஓயவில்லை. பழைய நூலகப் பட்டியல் ஒன்றில், அடுத்தடுத்த வரிகளில் இரண்டு நூல்களைக் கண்டுபிடித்தார். ஒன்று ‘கிணற்றுப் பாசனத்தில் மண்ணும் நீரும்’. அதற்குக் கீழே ‘கொங்குச் சிற்றூர்களில் கோழி வளர்ப்பு’. யாரோ படியெடுக்கும்போது, மேல் வரியில் தொடங்கிய கண் கீழ் வரியில் போய் முடிந்திருக்கிறது. அப்படிப் பிறந்த புத்தகம்தான் நாலு பேருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்திருந்தது.

சந்தோஷம் தாங்காமல் எங்கள் ஆய்வு நெறியாளரின் அறைக்கு ஓடினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

“ஐயா, கண்டுபுடிச்சுப்போட்டனுங்க! அப்படியொரு புஸ்தகமே இல்லீங்க. அந்த நாலு ஆய்வேட்டுல மொதமொதல்ல அதச் சேத்துனது ஆருன்னும் தெரிஞ்சுபோச்சுங்க.”

“ஆரு கண்ணு?”

“நீங்கதானுங்கய்யா!”

அய்யாவும் சந்தோஷப்படுவார் என்று அந்த மனுஷன் உண்மையாகவே நம்பினார்.

நெறியாளர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு, கொங்கு நாட்டு மரியாதை ஒரு துளி குறையாமல், “அந்தப் புஸ்தகத்த நான் கையில வெச்சுப் படிச்சிருக்கறேன் கண்ணு. நாப்பத்தொண்ணுக்கு நல்லதா நாலு வரி எழுதிக் கொண்டா. உன்ர ஆய்வேட்டுல கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார்.

பக்க எண்ணுக்கு அது ஏழாவது வருஷம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கையெழுத்து இல்லையென்றால் ஏழு வருஷமும் போச்சு. நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

“நாலே வரிங்ணா. நான் வேணும்னா எழுதித் தாரேன்.”

“இல்லாத புஸ்தகத்துக்கு நடை எப்படீங்க தம்பி எளிமையா இருக்கும்?”

“கோழி நடைன்னு நெனச்சுக்கங்க.”

சிரித்தார். எழுதவில்லை. மாதம் முடிந்தது. போத்தனூரில் அக்கா வீட்டுக்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தார். போகும்போது, எழுதி வைத்திருந்த நூற்று நாற்பத்தொன்பது குறிப்புரைகளையும் என் மேசையில் வைத்து, “பட்டியல் நிக்கக்கூடாதுங்க தம்பி” என்றார்.

நாற்பத்தொன்றை நான் எழுதினேன். எளிய நடை, அரிய தரவுகள், பெரிதும் உதவும். அடுத்த மாதமே என் ஆய்வேட்டில் நெறியாளரின் கையெழுத்து விழுந்தது. பட்டியல் புத்தகமாக வந்தபோது அட்டையில் இருந்தது என் பெயர். வெளியீட்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பேசிய நாலு பேரும் குறிப்புரைகளின் நேர்மையை வியந்தார்கள். சால்வைக்குள் எனக்கு அப்படி வேர்த்தது.

கடைசி வரிசையில் பக்க எண் உட்கார்ந்திருந்தார். நான் அழைக்கவில்லை. அழைக்கத் தைரியம் இல்லை. எப்படியோ தெரிந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். விழா முடிந்து வாசலில் புத்தகத்தோடு நின்றார்.

“நல்லா வந்திருக்குதுங்க தம்பி. நாப்பத்தொண்ணத்தான் நான் இன்னும் படிக்கலீங்க. நீங்க படிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது.”

நான் சால்வையை மடிக்கத் தொடங்கினேன். “வாரேனுங்க” என்று பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போத்தனூர் போகும் தைரியமும் இன்னும் வந்தபாடில்லை.

இப்போது நானும் நெறியாளன். மாணவர்கள் நாற்பத்தொன்றாவது நூலை என் பெயரைப் போட்டே மேற்கோள் காட்டுகிறார்கள். நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று மேடையில் என் பெயரைச் சொன்னபோது எல்லோரும் நிறுத்திய பிறகும் கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டிக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் எத்தனையோ கைதட்டல் வாங்கியாயிற்று. காதில் வைத்திருப்பது அதை மட்டும்தான்.