பேட்டரி குடித்த திருடன்

இன்று சாயங்காலத்துக்குள் திருடனைப் பிடித்தே தீருவது என்று இயற்பியல் வாத்தியார் சபதம் எடுத்தார். காரின் பேட்டரி தொடர்ந்து மூன்றாவது நாளாகக் காலையில் செத்துக் கிடந்தது. முந்தின நாள் நன்றாக ஓடிய வண்டி, விடிந்ததும் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப்போகிறது.

காரை ஓட்டுவது அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் சிறுநீரக வார்டில் நர்ஸ், காலை ஷிப்ட். மூன்று நாளும் பஸ்ஸுக்கு ஓடி, மூன்று நாளும் லேட். வாத்தியாரோ முதல் நாளே தீர்ப்பு எழுதிவிட்டார். "உள்ள லைட்டை அணைக்காம விட்டுட்டு வர்றே!" என்று அவளிடமும், அவள் அண்ணனிடம் போனிலும், கேட்காத மாடி வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று. போதாததற்கு வாசல் கதவில் 'விளக்கை அணைத்தாயா?' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்.

முந்தின இரண்டு நாள் போலவே அன்று மத்தியானமும் மாடி வீட்டுக்காரர் சார்ஜர் போட்டு பேட்டரிக்கு உயிர் கொடுத்திருந்தார். அவர் ரிட்டயர்டான பஸ் டிரைவர். வாத்தியார் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்து மீட்டரோடு வந்து நின்றதும், வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவியும் ஷிப்ட் முடிந்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

வாத்தியார் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை இணைத்தார். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக வண்டி நம்பும்படி, பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கிவிட்டார்.

"இப்ப அரை மணி நேரம் யாரும் தொடக் கூடாது. வண்டி தூங்கணும்."

"வண்டியுமா?" என்றாள் மனைவி. "வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் தூங்கறது போதாதா?"

மாடி வீட்டுக்காரர் இருமுகிற சாக்கில் சிரித்தார்.

அரை மணி கழித்தும் மீட்டர் 0.42 ஆம்பியர் காட்டியது. தூங்குகிற வண்டி இதில் பத்தில் ஒரு பங்குதான் குடிக்க வேண்டும். "பார்த்தியா! இனி ஒவ்வொரு ஃபியூஸா உருவுவேன். எதை உருவினா எண் இறங்குதோ, அங்கதான் திருடன்."

"சரிங்க. எங்க வார்டுல முதல்ல ஒண்ணு கேப்போம். வியாதி என்னைக்கு ஆரம்பிச்சுது? அதுக்கு முந்தின நாள் புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?"

"காருக்கு ஏதும்மா மாத்திரை?" என்று சிரித்த வாத்தியாருக்குப் பாதியில் சிரிப்பு நின்றுபோயிற்று.

பேட்டரி முதலில் செத்தது திங்கள். சனிக்கிழமை, அவள் தூங்கும்போது, காருக்குள் இருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றை அவரே பொருத்தி, ஓரத்து ஃபியூஸிலிருந்து அதற்கு வயர் இழுத்திருந்தார். காரின் பக்கவாட்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது. நான் இல்லை என்று அவள் சொன்னாள். கையும் களவுமாகப் பிடிக்க அந்த ஏற்பாடு. வண்டி நின்றாலும் அது கண் மூடாது. விடிய விடிய அந்தப் பழைய பேட்டரியின் மின்சாரத்தைக் குடிக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிவது, ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவருக்குத் தோன்றவில்லை.

காது சுட்டது. மூன்று நாள் அவள் பஸ்ஸுக்கு ஓடியது தன்னால். அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வாத்தியார் ஃபியூஸ் பெட்டி பக்கம் குனிந்துகொண்டார்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிச் செருகினார். எண் அசையவில்லை. ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போனார்.

"அந்த ஒண்ணை ஏன் விட்டுட்டீங்க?"

"அது... ஏர்பேக், காத்துப் பை ஃபியூஸ். தொட்டா பை வெடிச்சு மூஞ்சியிலேயே அடிக்கும்."

"என் மூஞ்சிதானே. நகருங்க." இரண்டு விரலால் உருவினாள்.

மீட்டர் 0.03-க்கு விழுந்தது.

"சிஸ்டர் பிடிச்சுட்டாங்க!" என்று மாடி வீட்டுக்காரர் கை தட்டினார்.

"பை எங்கேங்க? வெடிக்கலையே?" அவள் வயரைப் பிடித்துக்கொண்டே கண்ணாடி வரைக்கும் போனாள். "இது என்ன?"

"கார் கம்பெனிக்காரன் வச்சிருப்பான்."

"கம்பெனிக்காரன் நம்ம வீட்டுக் கறுப்பு டேப்பையா சுத்தி அனுப்பினான்?"

வாத்தியார் தலையைத் தொங்கப்போட்டார். "நான்தான் வச்சேன். உன்னைச் சந்தேகப்பட்டேன். பேட்டரியும் என்னாலதான். தப்பு என்னுது." போய்க் கதவில் ஒட்டிய தாளைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு வந்தார்.

"பரவாயில்லைங்க. எனக்குக் காலையிலயே தெரியும். எந்த லைட்டை அணைக்காம விட்டேன்னு உள்ள தேடினேன். இது கண்ணுல பட்டுது. படம் பதியற கார்டை அதுல இருந்து எடுத்துட்டுப் போனேன்."

"கார்டையா?" வாத்தியாருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"எல்லாம் அதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி கழுவப் போறேன்னீங்களே. கேட் தூண்ல இடிச்சீங்க. இறங்கி முன்னாடி வந்தீங்க. எச்சில் தொட்டு பம்பரைத் தேச்சீங்க. அப்புறம் தூணைப் பார்த்து, 'நீ யார்கிட்டயும் சொல்லாதே'ன்னீங்க."

மாடி வீட்டுக்காரர் நாற்காலியோடு குலுங்கினார். மனைவியை மாட்டிவிட வைத்த கேமரா தன்னையும் படம் பிடிக்கும் என்று வாத்தியாருக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

"நீயும்... யார்கிட்டயும்..."

"மூணு நாள் லேட்டுக்கு வார்டுல விளக்கம் கேட்டாங்க. வீட்டுக்காரர் பண்ணின வேலைன்னு வாயால சொன்னா யார் நம்புவாங்க? கேமராவை மாட்டும்போது உங்க முகமும் அதுல விழுந்திருக்கு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிட்டேன். பெரிய சிஸ்டர் ரெண்டு தரம் பார்த்தாங்க. நாளைக்கு நீங்கதான் கொண்டுவந்து விடணுமாம். ஆளை நேர்ல பார்க்க எல்லாரும் வாசல்ல நிக்கறாங்களாம்."

மறுநாள் காலை, வண்டி கிளம்பக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வாத்தியார் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது.